உத்தரம் எங்கிருந்து, உரிமை யாருக்கு: உதகை புனித ஸ்டீபன் ஆலயம் பற்றிய ஓர் ஆய்வு

உதகைக்கு வரும் பயணிகளைப் புனித ஸ்டீபன் ஆலயத்துக்குள் அழைத்துவரும் வழிகாட்டிகள் எல்லோரும் முதலில் கூரையைத்தான் காட்டுகிறார்கள். திப்பு சுல்தானின் அரண்மனை உத்தரங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வந்தவை, யானைகள் இழுத்து வந்தவை. பயணிகள் அண்ணாந்து பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், தாவரவியல் பூங்காவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

மரம் ஸ்ரீரங்கப்பட்டணத்து மரம்தான். ஆனால் யானை வந்ததும் கதை நின்றுவிடுகிறது. யானைக்குப் பின்னால் வரும் கேள்விகளே எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஓர் அரண்மனையைப் பிரித்து அதன் மரத்தை மலைமேல் கொண்டுவந்து கோயில் கட்டும் உரிமை யாருக்கு, எப்படி வந்தது? கட்டியவர்களின் அரசு போன பிறகு அந்தக் கோயில் யார் கைக்குப் போனது? இந்த இரண்டையும் பின்தொடர்ந்தால் 1799-இல் தொடங்கி 1947-ஐத் தாண்டி வர வேண்டியிருக்கிறது. நீலகிரியின் மற்ற பழைய கோயில்களைப் புரிந்துகொள்ளவும் அந்த வழி உதவும் என்பதால் இந்த ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் உறுதியான தேதிகள். அஸ்திவாரக் கல் 1829 ஏப்ரல் 23 அன்று நாட்டப்பட்டது. அன்று நான்காம் ஜார்ஜ் மன்னரின் பிறந்தநாள் கொண்டாட்டம். உண்மையில் அவர் பிறந்தது ஆகஸ்டில். அரசுமுறைக் கொண்டாட்டம்தான் புனித ஜார்ஜ் திருநாளான ஏப்ரல் 23-இல் நடந்தது. கட்டடத்தை வடிவமைத்தவர் மதராஸ் படையைச் சேர்ந்த கேப்டன் ஜான் ஜேம்ஸ் அண்டர்வுட். 1830 நவம்பர் 5 அன்று பிரதிஷ்டை நடந்தது. மக்கள் வழிபாட்டுக்காகத் திறக்கப்பட்டது 1831 ஏப்ரல் 3, உயிர்த்தெழுந்த ஞாயிறு அன்று. கல் நாட்டியதிலிருந்து திறப்பு வரை இரண்டு ஆண்டுக்கும் குறைவு. ஒழுங்கான வண்டிப்பாதை இல்லாத மலையில் இது அசாத்திய வேகம். அரசே முன்னின்று தள்ளாமல் அந்த வேகம் வராது.

அரசு என்று இங்கே நான் சொல்வது ஒரு மனிதரை: மதராஸ் ஆளுநர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன். 1827 முதல் 1832 வரை பதவியில் இருந்தவர். உதகை மேல் அவருக்கு இருந்தது பிடிப்பு என்பதைவிடப் பித்து என்றே சொல்லலாம். குன்னூர் மலைப்பாதையை வெட்டவைத்ததும் அவர் ஆட்சிதான். கோயிலின் பெயரும் ஆளுநரின் முதற்பெயரும் ஒன்றாக அமைந்தது தற்செயல் என்று நம்ப நல்ல மனது வேண்டும்.

லஷிங்டனைத் தமிழ் வாசகர்கள் வேறு வழியில் அறிந்திருக்க வேண்டும், ஆனால் அறிவதில்லை. கட்டபொம்மன் கதையில் எல்லோருக்கும் ஜாக்சனைத் தெரியும். ஜாக்சனுக்குப் பின் திருநெல்வேலிச் சீமையின் கலெக்டராக வந்தவர் இதே லஷிங்டன்தான். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் மேஜர் பானர்மேன் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோது அந்தச் சீமையின் வரிவசூல் நிர்வாகம் லஷிங்டன் கையில் இருந்தது. மேடையிலும் திரையிலும் ஜாக்சன் நிலைத்துவிட்டார். அடுத்து வந்தவர் தப்பித்துக்கொண்டார்.

அதே 1799-இன் மே 4 அன்றுதான் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு இறந்தார். முற்றுகையிட்ட படைக்குத் தலைமை வகித்தவர் ஜெனரல் ஜார்ஜ் ஹாரிஸ். லஷிங்டன் மணந்திருந்தது அந்த ஹாரிஸின் மகளை. இளம் அதிகாரியாக இருந்த காலத்தில் ஹாரிஸிடம் அந்தரங்கச் செயலாளராகவும் வேலை பார்த்தவர், பிற்காலத்தில் மாமனாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டவரும் அவர்தான். ஹாரிஸுக்கு 1815-இல் கொடுக்கப்பட்ட பிரபுப் பட்டத்திலேயே ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர் இரண்டு பெயர்களும் இடம்பெற்றன. கொள்ளைப்பொருளில் அவர் எடுத்துக்கொண்ட பங்கு அதிகம் என்று கிழக்கிந்தியக் கம்பெனியே வழக்காடி, இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது தனிக் கதை.

ஆக, திப்புவைத் தோற்கடித்த தளபதியின் மருமகன், முப்பது ஆண்டு கழித்து, திப்புவின் அரண்மனை மரத்தைக் கொண்டு உதகையில் கோயில் எழுப்பினார். கல் நாட்டி ஒரு மாதம் ஆவதற்குள், 1829 மே மாதம், ஹாரிஸ் இங்கிலாந்தில் இறந்துபோனார். கப்பல் வழியாக அந்தச் செய்தி மதராஸ் வந்து சேரும் முன் சுவர்கள் எழும்பத் தொடங்கியிருக்கும்.

மாமனாரின் வெற்றியை நினைவூட்டத்தான் லஷிங்டன் அந்த மரத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் கட்டுரைக்கு நாடகம் கூடும், வரலாற்றுக்கு ஒன்றும் கூடாது. மரத்தைக் கொண்டுவரச் சாதாரணமான காரணங்களே போதும்.

உதகையைச் சுற்றியிருந்த சோலைக்காடுகளை நினைத்துப் பாருங்கள். சோலை மரம் குட்டையானது, முறுக்கியது, பாசி படிந்தது. குளிர்காற்றுக்கு ஒதுங்கி மடிப்புகளுக்குள் வளரும் அந்த மரத்தில் அடுப்புக்கு விறகு கிடைக்கும், தொதவர் மந்தின், அதாவது அவர்கள் குடியிருப்பின், குடிசைக்கு வேண்டியது கிடைக்கும். ஒரு பெரிய மண்டபத்தின் அகலத்தைத் தாண்டும் நேரான உத்தரம் கிடைக்காது. இன்று மலை முழுக்க நெட்டையாக நிற்கும் தைல மரத்தைப் பார்த்துவிட்டு, மரத்துக்கா இங்கே பஞ்சம் என்று கேட்பவர்கள் உண்டு. தைல மரம் நீலகிரிக்கு வந்தது 1843-இல். சீகை அதாவது வாட்டில் மரமும் கோயில் எழும்பிய பிறகு பரவியதுதான். 1829-இல் மேட்டில் இருந்தது புல்வெளி, பள்ளத்தில் இருந்தது சோலை. நீண்ட மரம் வேண்டுமென்றால் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

புதிதாகத் தேக்கு வெட்டலாமே என்றால், பச்சை மரத்தை அப்படியே ஏற்றமுடியாது. வெட்டிய மரம் ஆண்டுக்கணக்கில் காய வேண்டும். காயாத உத்தரத்தை ஏற்றினால் அது சுருங்கும், முறுக்கிக்கொள்ளும், மேலே உள்ள கூரையையும் சேர்த்துத் திருகும். இரண்டு ஆண்டில் கோயிலை முடிக்க நினைக்கும் ஆளுநரால் அதுவரை காத்திருக்க முடியாது. அரண்மனையில் பல பத்தாண்டுகள் நின்ற மரமோ ஏற்கெனவே நன்றாக உலர்ந்தது, அளவாக அறுக்கப்பட்டது, பிரித்தால் ஏற்றவேண்டியதுதான்.

அந்த அரண்மனை யாருடையது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1799 உடன்படிக்கையில் மைசூர் நாடு உடையார் வம்சத்துக்குத் திரும்பியது. ஸ்ரீரங்கப்பட்டணத் தீவை மட்டும் கம்பெனி தன் வசமே வைத்துக்கொண்டது. பின்னர் தீவை மைசூருக்கே ஆண்டு 50,000 ரூபாய் குத்தகைக்கு விட்டது. மண் கம்பெனியுடையது, எனவே மண்ணின் மேல் நின்ற மாளிகையும் கம்பெனியுடையது. இதற்கிடையே காய்ச்சல் தாங்காமல் ஆங்கிலப் படையினர் தீவைவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டார்கள். தலைநகரமும் மைசூருக்கு மாறியிருந்தது. ஆள் குறைந்த ஊரில் பெரிய மாளிகைகள் பழுதுபார்ப்பார் இல்லாமல் நின்றன. ஒன்றைப் பிரித்து உதகைக்கு அனுப்பினார்கள். 1784-இல் கட்டப்பட்ட தரியா தௌலத் மாளிகை இன்றும் நிற்கிறது. அதன் தூண்களையும் விட்டங்களையும் பார்த்தவருக்கு, போன மாளிகையில் எத்தகைய மரம் இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

இதைக் கோட்டை வீழ்ந்த இரவின் கொள்ளையோடு சேர்க்கக்கூடாது. கொள்ளை ஒரு வாரத்தில் முடிந்துவிடும். இங்கே நடந்தது அதைவிட நிதானமானது. போரால் வந்த சொத்து, கணக்குப் புத்தகத்தில் ஏறி, முப்பது ஆண்டு கழித்து ஓர் அரசுக் கட்டடத்துக்கு மூலப்பொருளாக ஒதுக்கப்பட்டது. எனக்கு இந்த நிதானம்தான் அதிகம் உறுத்துகிறது.

யானைக்கும் நியாயம் செய்ய வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து உதகை இன்றைய சாலையில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 1,500 மீட்டர். சிகூர் மலைப்பாதை அமைந்ததே 1830-களின் பிற்பகுதியில்தான். பாதை இல்லாத சரிவில் கனமான விட்டத்தை இழுக்க மைசூர்க் காட்டுப்புற வழக்கப்படி யானையைப் பயன்படுத்தியிருப்பார்கள் என்பது பொருத்தமான பேச்சு. யானையோடு கூட நூற்றுக்கணக்கில் ஆட்களும் வந்திருக்க வேண்டும். வழிகாட்டிகள் யானையைச் சொல்கிறார்கள், ஆட்களைச் சொல்வதில்லை.

கட்டடத்தைப் பற்றிச் சுருக்கமாக ஒரு வார்த்தை. வெளியே வெளிர்மஞ்சள் பூச்சு, முகப்பில் கோட்டைமதில் போன்ற பற்கள் வைத்த சதுரக் கோபுரம், கூர்நுனி வளைவுகள், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். மேற்குச் சுவரில் இறுதி இராவுணவு ஓவியம். அண்டர்வுட் பொறியாளர், கலைஞர் அல்லர். தெரிந்த ஆங்கிலக் கிராமக் கோயிலின் உருவத்தை நினைவிலிருந்து எடுத்து, கிடைத்த பொருளில் கட்டியிருக்கிறார். கோத்திக் பாணியின் உயரப் பாய்ச்சலை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமே. உள்ளே கனமான மரத்துக்கு அடியில் நிற்கும்போது ஆங்கிலக் கிராமம் மறைந்து தென்னிந்திய மண்டபம் ஒன்றில் நிற்கும் உணர்வு வருகிறது. மரம் தான் பிறந்த இடத்தை மறக்கவில்லை போலும்.

பிரதிஷ்டை செய்ய வந்தவர் கல்கத்தா அத்தியட்சர் (இன்றைய வழக்கில் பேராயர்) ஜான் மத்தையஸ் டர்னர். மதராஸ் கோயிலுக்குக் கல்கத்தாக்காரர் ஏன்? மதராஸுக்குத் தனி அத்தியட்சர் கிடைத்தது 1835-இல்தான். அதுவரை இந்தியா முழுவதும், ஆஸ்திரேலியாவும் சேர்த்து, கல்கத்தா அத்தியட்சரின் பொறுப்பு. அந்தப் பொறுப்பு ஆளை விழுங்குவதாக இருந்தது. டர்னருக்கு முன் இருந்த மூவரும் பதவியிலிருக்கும்போதே மடிந்தவர்கள். இரண்டாமவரான ஹீபர் திருச்சியில் குளிக்கப்போன இடத்தில் இறந்தார். அவர் பெயரில் அங்கே கல்லூரி நிற்கிறது. அவர் இறந்த நாள் 1826 ஏப்ரல் 3. ஸ்டீபன் ஆலயம் திறக்கப்பட்டது சரியாக ஐந்தாண்டு கழித்து அதே தேதியில். ஈஸ்டர் அந்த ஆண்டு அன்று வந்தது, அவ்வளவே. டர்னரும் 1831-இல் கல்கத்தாவில் காலமானார்.

சல்லிவனை விட்டுவிட்டு உதகையைப் பற்றி எதுவும் எழுத முடியாது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி, கல்பங்களா கட்டி, ஏரி வெட்டி, இந்த ஊரை உண்டாக்கியவர். அவருக்கும் லஷிங்டனுக்கும் ஒத்துப்போகவில்லை. மலை மேல் தொதவர்களுக்கு நில உரிமை உண்டு என்று சல்லிவன் வாதாடினார். ஆளுநரின் அரசு அந்த வாதத்தை ஏற்கவில்லை. 1830-இல் நீலகிரியின் பெரும்பகுதியையே கோயம்புத்தூரிலிருந்து பிரித்து மலபார் மாவட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். அது திரும்பி வர 1843 ஆயிற்று. கோயிலுக்குக் கல் நாட்டியதும் சல்லிவனின் பிடியை மலையிலிருந்து தளர்த்தியதும் ஒரே காலத்தில் நடந்தவை. முதலில் வந்தவர் சல்லிவன் என்ற நினைவை மூடிவிட்டு உதகையை ஆளுநரின் ஊராக மாற்றும் முயற்சியில் இந்தக் கோயிலுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் கருதுகிறேன்.

ஆனால் கோயிலுக்குப் பின்னால் சரிவில் இறங்கும் கல்லறைத் தோட்டத்தில் இருப்பது சல்லிவனின் மனைவி ஹென்றியட்டாவும் மகள் ஹாரியட்டும். இருவரும் 1838-இல் இறந்தவர்கள். உதகைவாசிகள் யாராவது அந்தத் தோட்டத்துக்குப் பூ கொண்டு போகிறார்கள் என்றால் சல்லிவன் குடும்பத்துக்காகத்தான். லஷிங்டனைத் தேடி யாரும் வருவதில்லை.

இனி உரிமை. இந்தக் கோயில் மிஷனரிகள் காசு சேர்த்துக் கட்டியதல்ல என்பதை முதலில் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். இது அரசுக் கோயில். குருவானவர் கம்பெனியின் சம்பளத்தில் இருந்த சாப்ளின், அதாவது அரசுக் குரு. கூரை ஒழுகினால் மராமத்து இலாகா பார்க்கும். கம்பெனி போய் மகாராணி ஆட்சி வந்தபோதும் இதே ஏற்பாடு தொடர்ந்தது. 1927-இல் இந்தியத் திருச்சபைச் சட்டம் வந்தது. 1930 மார்ச் 1 அன்று இந்தியாவிலிருந்த ஆங்கிலிக்கன் சபை இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து சட்டப்படி பிரிந்தது. வெளியிலிருந்து பார்த்தவருக்கு ஒரு மாற்றமும் தெரிந்திருக்காது. அதே மணி, அதே ஜெபப்புத்தகம்.

பெரிய மாற்றம் 1947 செப்டம்பர் 27. மதராஸ் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்தது. ஆங்கிலிக்கன் சபையின் மதராஸ், திருநெல்வேலி, திருவிதாங்கூர்-கொச்சி, தோர்ணக்கல் ஆகிய நான்கு அத்தியட்சாதீனங்கள் ஒரு பக்கம். பிரஸ்பிட்டீரியர்களும் காங்கிரிகேஷனலிஸ்டுகளும் 1908-இல் சேர்ந்து அமைத்த தென்னிந்திய ஐக்கிய சபை இன்னொரு பக்கம். மூன்றாவதாக, பிரிட்டிஷ் மெதடிஸ்டுகளின் தென்னிந்திய மாகாணம். 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு முடிய 28 ஆண்டு ஆயிற்று. அந்தப் பேச்சைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. 1945 புத்தாண்டு நாளில் அவர் இறந்துவிட்டதால் முடிவைக் காணவில்லை.

மலைக்கு இதன் விளைவு விசித்திரமானது. ஆளுநர் கட்டிய ஸ்டீபன் ஆலயமும், 1846-இல் கேத்தியில் தொடங்கிய ஜெர்மன் பேசும் பாசல் மிஷனின் வழியில் வந்த படகக் கிறிஸ்தவர்களின் கோயில்களும் ஒரே சபைக்குள் வந்தன. நூறு ஆண்டு ஒருவர் வாசலை ஒருவர் மிதித்தறியாதவர்கள் ஒரே பேராயரின் கீழ் வந்தார்கள். 1950-இல் கோவைத் திருமண்டலம் அமைந்தபோது அதன் முதல் பேராயராக வந்தவர் ஏ. ஜே. அப்பாசாமி. தமிழ்ப் பக்தி மரபில் ஊறிய இறையியலர். லஷிங்டனின் கோயில் அப்பாசாமியின் பொறுப்பில் வந்ததை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிறிது சிரிப்பு வரும்.

மெதடிஸ்ட் கோயில்கள் பற்றிக் கேட்பவர்களுக்கும் இந்த இடத்தில்தான் பதில் இருக்கிறது. பழைய கட்டடத்தின் கல்லில் வெஸ்லியன் என்று பொறித்திருக்கும், வாசல் பலகையில் சி.எஸ்.ஐ. என்று எழுதியிருக்கும். யாரோ அபகரித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் மெதடிஸ்ட் என்ற பெயரில் இரண்டு ஓடைகள் உண்டு. ஒன்று, 1814-இல் இலங்கையில் இறங்கி, 1817-இல் ஜேம்ஸ் லிஞ்ச் வழியாக மதராஸ் வந்து, 1819-இல் இராயப்பேட்டையில் கோயில் கட்டிய பிரிட்டிஷ் வெஸ்லியன்கள். இவர்கள் 1947-இல் சி.எஸ்.ஐ.க்குள் போனார்கள், கட்டடங்களும் கூடவே போயின. மற்றொன்று, 1856-இல் வடக்கே தொடங்கி 1870-களில் வில்லியம் டெய்லரின் பிரசங்கப் பயணங்களால் தெற்கே பரவிய அமெரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபை. அது ஐக்கியத்தில் சேரவில்லை. 1981 முதல் இந்திய மெதடிஸ்ட் திருச்சபையாகத் தனித்து இயங்குகிறது. எனவே ஒரு கோயில் முன்பு மெதடிஸ்டாக இருந்தது என்று கேள்விப்பட்டால், எந்த மெதடிஸ்ட் என்று கேட்காமல் மேலே போகக்கூடாது.

இங்கிலாந்தில் கைவிடப்பட்ட மெதடிஸ்ட் கோயில்கள் வீடாகவும் கடையாகவும் மதுக்கூடமாகவும் மாறியிருக்கின்றன. அங்கே சபையார் குறைந்தார்கள், கட்டடம் விலைக்குப் போயிற்று. நம் பக்கம் நடந்தது தலைகீழ். சபை இன்னொரு சபையில் கரைந்தது, கட்டடத்தில் ஞாயிறு ஆராதனை நிற்காமல் நடக்கிறது. ஸ்டீபன் ஆலயத்துக்கும் இது பொருந்தும். கட்டியவர்கள் ஒருவர் கூட இல்லை, அவர்கள் அரசு இல்லை, அவர்கள் சபையின் அமைப்பும் இல்லை. பாட்டும் பிரசங்கமும் மட்டும் விடாமல் வருகின்றன.

வேறொரு மலைக்கோயிலை ஆராய நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் பட்டதைச் சொல்கிறேன். வாசல் பலகையிலிருந்து தொடங்காதீர்கள், அது கடைசி அத்தியாயம். உள்ளே போய்ப் பிரசங்க பீடம் நடுவில் இருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வெஸ்லியன் வழியில் வந்த சிறு கோயில்களில் பிரசங்கத்துக்கு நடு இடம் கிடைப்பது வழக்கம், ஆங்கிலிக்கன் கோயிலில் திருமேசைக்குத்தான் முதலிடம். இருக்கைகள் மாறும், பூச்சு மாறும், இந்த ஒழுங்கு எளிதில் மாறாது. அதன் பிறகு கூரை. உள்ளூர் மரமா, இறக்கிக் கொண்டுவந்ததா, வேறொரு கட்டடத்தில் இருந்து வந்த தடயமாகப் பொருத்துத் துளைகள் தேவையில்லாத இடத்தில் இருக்கின்றனவா. நிலப் பத்திரத்தைத் திருமண்டல அலுவலகத்தில் பார்க்க அனுமதி கிடைத்தால் அது ஒன்றே பாதி வரலாறு. கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டியதில்லை.

ஏனெனில் பதிவேடுகள் இருக்கின்றன. கம்பெனியின் சாப்ளின்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகலை ஒழுங்காக லண்டனுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. ஈரத்திலும் பூஞ்சையிலும் மலைக்கோயில் ஏடு கரைந்துபோனாலும் அந்த நகல் இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கிறது. மதராஸ் மாகாணத்துக்கான வரிசையின் குறி என்/2. கல்லறைக் கல்லில் எழுத்து அழிந்து பெயர் பாதியாக நிற்கும் ஒருவரைத் தேடுபவர் ஆண்டை மட்டும் சரியாகப் படித்துக்கொண்டு அங்கே போனால் போதும்.